ஆகாயத்திலிருந்து குதிக்க ஆசையா? முதலில் பையைப் பாருங்கள்!

சேலைக் கொசுவத்தில் ஒரு மடிப்பு தவறினால் என்ன செய்கிறோம்? உருவிவிட்டு மறுபடி வைத்துக்கொள்கிறோம். பாராசூட்டின் மடிப்பு தவறினால் மறுபடி மடிக்க நேரம் கிடையாது. ஆகாயத்தில் ஆயிரம் அடி என்பது ஐந்தாறு விநாடிதான். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கடந்துவிடும்.

"இதெல்லாம் பட்டாளத்துக்காரங்க சமாசாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே! விமானத்திலிருந்து குதிக்கும் 'ஸ்கை டைவிங்' இப்போது நம் பிள்ளைகளின் ஆசைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த காலம் போய், பணம் கட்டிக் குதித்துவிட்டு வருகிறார்கள்.

நான் இருப்பது விருத்தாசலத்தில். பழமலைநாதர் கோயில், ரயில் ஜங்ஷன், பீங்கான் சூளைகள், இவைதான் எங்கள் ஊர். இங்கே பொம்மையும் கப்பும் ஃபியூஸ் கேரியரும் செய்வார்களே தவிர, விமானம் ஏது, குதிப்பது ஏது? ஆனாலும் விஷயம் டெலிபோன் வழியாக என் வீட்டுக்கே வந்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகள், "பெரியம்மா, எங்க ஆபீஸ்ல ஆறு பேர் சேர்ந்து ஸ்கை டைவிங் போறோம். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றாள். பத்து நிமிஷத்தில் தங்கையின் போன். "அவ போனா நான் சோறு தண்ணி தொடமாட்டேன்க்கா!"

தங்கையின் பயத்தை வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2014 பிப்ரவரியில், எங்கள் ஊரிலிருந்து ஒரே ரயிலில் போய்விடக்கூடிய சேலத்தில், காமலாபுரம் விமான நிலையத்தில் ஒரு குதிப்பு முகாம் நடந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம்பெண் குதித்தார். பாராசூட் சரிவர விரியவில்லை. உயிர் பிழைக்கவில்லை. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது.

அதற்காக 'போகவே கூடாது' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாமா? சம்பாதிக்கிற பெண், சொல்லாமல் போய்விட்டால்? எங்கள் அடுத்த தெருவில் விமானப் படையில் பாராசூட் மடிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நேரே அவரிடம் போய் நின்றேன். "பயப்படுறது தப்பில்லம்மா. ஆனா எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் பயப்படு" என்று ஆரம்பித்தார். இரண்டு மாலை நேரம் அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் இங்கே தருகிறேன்.

நம் பெண்கள் குதிக்காமலா இருந்தார்கள்?

பெண்ணுக்கும் பாராசூட்டுக்கும் உள்ள சொந்தம் இருநூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. 1799-லேயே பிரான்ஸ் தேசத்து ழான் லாப்ராஸ் என்ற பெண் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கினார். ஜெர்மனியின் காத்தே பௌலுஸ் தையல் வேலை தெரிந்தவர். பாராசூட்டை மடித்துப் பைக்குள் வைக்கும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். முதல் உலகப் போரில் அந்நாட்டுப் படைக்குச் சுமார் 7,000 பாராசூட்டுகள் செய்து கொடுத்தார்.

அமெரிக்காவின் டைனி பிராட்விக் ஐந்தடி உயரம்கூட இல்லாத பெண்மணி. 1914-ல் ராணுவத்தாருக்குக் குதித்துக் காட்டும்போது, பாராசூட்டைத் தானாக இழுத்து விரிக்க வேண்டிய கயிறு விமானத்தின் வாலில் சிக்கிக்கொண்டது. அடுத்த முறை அந்தக் கயிற்றை வெட்டிவிட்டார். குதித்தபின் தம் கையாலேயே இழுத்துப் பாராசூட்டை விரித்தார். இன்றைய ஸ்கை டைவிங்குக்குப் பிள்ளையார் சுழி அதுதான்.

நம் நாட்டில் விமானப் படை டாக்டர் கீதா சந்தா 1959 ஜூலை 17-ல் குதித்து, இந்தியாவின் முதல் பெண் பாராட்ரூப்பர் ஆனார். ரயில்வே ஊழியரான ரேச்சல் தாமஸ் 1979-ல் முதன்முதலாகக் குதித்தபோது இரண்டு குழந்தைகளுக்குத் தாய்! 2002 ஏப்ரலில் வடதுருவத்தில் 7,000 அடி உயரத்திலிருந்து குதித்தார். 2005-ல் பத்மஸ்ரீ பெற்றார். புனேயின் ஷீத்தல் மகாஜன் 2004-ல் வடதுருவத்தில் குதித்தார். 2018-ல் தாய்லாந்தில் மராத்தியப் பாணி சேலை கட்டியே குதித்தார். பல நூறு முறை குதித்துத் தேர்ந்தவர் செய்தது அது. முதல் தடவை போகிறவர்கள் ஆசைப்பட வேண்டாம்!

பைக்குள் என்ன இருக்கிறது?

முதுகில் மாட்டும் பையில் ஒன்றல்ல, இரண்டு பாராசூட் இருக்கும். ஒன்று மெயின். அது கைவிட்டால் ரிசர்வ். மெயினைக் குதிப்பவரோ பயிற்சி பெற்ற உதவியாளரோ மடிக்கலாம். ரிசர்வை உரிமம் பெற்ற நிபுணர்தான் மடிக்க வேண்டும். மடித்து, நூல் கட்டி, ஈய முத்திரை வைத்து, தேதியையும் கையெழுத்தையும் ஒரு கார்டில் எழுதிப் பையிலேயே செருகிவிடுவார். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்துச் சோதித்து மறுபடி மடிக்க வேண்டும். குதிக்கவே இல்லாவிட்டாலும் சரி.

மூன்றாவது காவல் ஒரு சின்னக் கருவி. குதித்தவர் மயங்கிவிட்டாலோ, பதற்றத்தில் எதையும் இழுக்காமல் போனாலோ, ஆபத்தான உயரத்தில் ஆபத்தான வேகத்தில் விழுவதை அதுவே கண்டுபிடித்து ரிசர்வைத் திறந்துவிடும். 1991-ல் ஜெர்மனியிலிருந்து இதன் நவீன வடிவம் வந்தபின் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் விமானம் ஏறுமுன் அதை 'ஆன்' செய்திருக்க வேண்டும்!

முதல் முறை போகிறவர்களைப் பெரும்பாலும் 'டேண்டம்' முறையில்தான் குதிக்க வைப்பார்கள். குரங்குக்குட்டி தாயோடு ஒட்டிக்கொள்வதுபோல, பயிற்சியாளரின் மார்போடு நம்மைச் சேர்த்துக் கொக்கி போட்டுவிடுவார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, ஆக நான்கு கொக்கிகள். பாராசூட்டை விரிப்பதெல்லாம் அவர் பொறுப்பு.

கோளாறு எங்கே வருகிறது?

"துணி கிழிஞ்சு விழுறாங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி நடக்கிறது ரொம்ப அபூர்வம்மா" என்றார் அண்ணா. அவர் விரல் விட்டு எண்ணிய கோளாறுகள் இவை:

இழுக்க வேண்டிய கைப்பிடி இறுகிப்போய் வராமலிருப்பது. குட்டிப் பாராசூட் வெளியே வந்தும் பெரியது பைக்குள்ளேயே அடைபட்டுக்கொள்வது. நூல்கள் ஜடைபோல முறுக்கிக்கொள்வது. ஒரு நூல் பாராசூட்டின் மேலே குறுக்காக விழுந்து அதை இரண்டாகப் பிதுக்கிவிடுவது. பையை மூடியிருக்கும் சின்ன ஊசி, அதைப் பிடிக்கும் நூல் வளையம் தேய்ந்திருப்பதால் முன்னதாகவே கழன்றுவிடுவது. விமானத்துக் கதவருகில் அது கழன்றால் விமானத்துக்கே ஆபத்து.

இவற்றுக்குக் காரணம் என்ன? அவசர மடிப்பு, தேய்ந்த நூல், குதிக்கும்போது உடம்பைக் கோணலாக வைத்திருப்பது, பராமரிப்பில் அலட்சியம். பாராசூட் நைலான் துணி. வெயில் பட்டால் இற்றுப்போகும். கார் டிக்கியில் பாட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு சொட்டு ஆசிட் பட்டாலும் போச்சு. பட்டுச்சேலையை எப்படி நிழலில், ஈரமில்லாத இடத்தில், பூச்சி எலி அண்டாமல் வைக்கிறோமோ, அப்படித்தான் இதையும் வைக்க வேண்டும்.

பாராசூட் விரிந்ததும் அண்ணாந்து பார்த்து மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள். முழுசாக இருக்கிறதா? வடிவம் சரியாக இருக்கிறதா? இழுத்த பக்கம் திரும்புகிறதா? ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், தனியாகக் குதிக்கும் மாணவர் 2,500 அடிக்கு மேலேயே முடிவெடுத்துவிட வேண்டும். முதலில் கெட்டுப்போன மெயினைக் கழற்றிவிடும் கைப்பிடி. பிறகு ரிசர்வைத் திறக்கும் கைப்பிடி. வரிசை மாறினால் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளலாம். தரையில் நூறு தடவை கையை ஆட்டிப் பழகியிருந்தால்தான் மேலே அந்த விநாடியில் கை தானாகப் போகும்.

கண்ணை விட்டு அகன்ற பை

இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்து எனக்குத் தூக்கம் போயிற்று. 2015 ஏப்ரலில், நெதராவன் என்ற இடத்தில் ஒரு பெண் குதித்தார். குழந்தை பெற்று ஐந்தாறு வாரமே ஆனவர். அனுபவமுள்ள பாராசூட் பயிற்சியாளர். மெயின் முறுக்கிக்கொண்டது. கழற்றிவிட்டு ரிசர்வைத் திறந்தார். அதுவும் வேலை செய்யவில்லை. புதிதாக உழுதிருந்த மண்ணில் விழுந்ததால், எலும்புகள் நொறுங்கியும் உயிர் பிழைத்தார். ரிசர்வின் நூல்களைப் பெல்ட்டோடு இணைக்கும் இணைப்புகளில் இரண்டு காணாமல் போயிருந்தன! செய்தவர் கட்டிய கணவர். சில நாள் முன்பு வீட்டு காஸ் வால்வையும் அவர்தான் தளர்த்தியிருக்கிறார். 2018-ல் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

எல்லார் வீட்டிலும் இப்படி நடக்கப்போவதில்லை. ஆனால் ஒரு பாடம் உண்டு. சோதித்து முடித்த பை ஒரு நிமிஷம் கண்ணை விட்டு அகன்றாலும், மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். ஒழுங்கு கூடக் கூட இந்த விளையாட்டில் ஆபத்து குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் 1970-களில் வருஷத்துக்குச் சராசரியாக நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2023-ல் சுமார் 36.5 லட்சம் முறை குதித்ததில் இறந்தவர்கள் 10 பேர். இந்தக் காலத்தில் பல விபத்துகள், நன்றாக விரிந்த பாராசூட்டில் தரையிறங்கும்போது செய்யும் தவறுகளால்தான் நடக்கின்றன.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

அண்ணா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட கேள்விகள் இவை:

1. விமானத்துக்கும் குதிப்புக்கும் அரசாங்க அனுமதி இருக்கிறதா? காகிதத்தைக் காட்டுவீர்களா?

2. பயிற்சியாளரின் உரிமம் என்ன? யார் கொடுத்தது? எந்தத் தேதி வரை செல்லும்? இதுவரை எத்தனை முறை குதித்திருக்கிறார்?

3. ரிசர்வ் கடைசியாக எப்போது மடிக்கப்பட்டது? கார்டைக் காட்ட முடியுமா?

4. தானாகத் திறக்கும் கருவி இருக்கிறதா? அதன் சர்வீஸ் தேதி என்ன?

5. காற்று எவ்வளவு அடித்தால் குதிப்பை நிறுத்துவீர்கள்?

6. அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி? ஆம்புலன்ஸ் மைதானத்திலேயே நிற்குமா? இன்ஷூரன்ஸ் உண்டா?

இரண்டாவது கேள்வியை லேசாக நினைக்காதீர்கள். 2018 ஜூலையில் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பேரிடர் ஒத்திகை என்று மாணவிகளை மாடியிலிருந்து குதிக்க வைத்தார்கள். தயங்கிய ஒரு பெண்ணைப் பயிற்சி கொடுத்தவர் தள்ளிவிட, அவள் கீழே இருந்த சன்ஷேடில் மோதி இறந்துபோனாள். அந்தப் பயிற்சிக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு அறிவித்தது. 'சார் சொன்னார்' என்பது மட்டும் போதாது. அந்த சார் யார் என்று கேட்க வேண்டும்.

என் தங்கை மகளுக்கு இந்த ஆறு கேள்விகளையும் படித்துக் காட்டினேன். அவள் பணம் கட்டியிருந்த இடத்துக்குப் போன் செய்தாள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் மேடம், நீங்க வந்து என்ஜாய் பண்ணுங்க" என்று பதில் வந்ததாம். கார்டைப் பற்றி மறுபடி கேட்டதற்கு எரிந்து விழுந்தார்கள். அன்றே பெயரை வாபஸ் வாங்கிவிட்டாள். "அட்வான்ஸ் போச்சு பெரியம்மா" என்றாள். "போனா போகட்டும். பணம் மாசாமாசம் வரும்டி" என்றேன். ஆறு பேரில் நாலு பேர் அவளோடு விலகிக்கொண்டார்கள்.

ஏழு மாதம் கழித்து வேறோர் இடத்தில், கேட்பதற்கு முன்பே கார்டை எடுத்து நீட்டினார்களாம். முதல் நாள் மூன்று மணி நேரம் காத்திருக்க வைத்து, "காற்று சரியில்லை, இன்று வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். "இன்னிக்கு இல்லைன்னு சொன்னப்பதான் எனக்கு அவங்க மேல நம்பிக்கையே வந்துச்சு பெரியம்மா" என்றாள். மறுநாள் குதித்தாள். தங்கை அன்று பழமலைநாதருக்கு அர்ச்சனை செய்தாள், ஆனால் சோறும் சாப்பிட்டாள்!

உடம்பு தயாரா?

கர்ப்பிணிகள் கண்டிப்பாகக் கூடாது. பிரசவமாகி, அதிலும் சிசேரியன் ஆகி, உடம்பு தேறாதவர்களும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை பொறுக்க வேண்டும். இருதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, முதுகெலும்பு அல்லது மூட்டுக் கோளாறு, தோள் நழுவிய சரித்திரம், சமீபத்திய ஆபரேஷன் இருப்பவர்கள் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சளி, சைனஸ் இருந்தால் தள்ளிப் போடுவதே நல்லது. சரசரவென்று கீழே இறங்கும்போது காதடைத்து உயிர் போகிற வலி எடுக்கும். கடலுக்கடியில் 'ஸ்கூபா' நீச்சல் அடித்தவர்கள் 24 மணி நேரமாவது கழித்துத்தான் மேலே போகலாம்.

எடையைக் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். நம்மில் பலருக்கு ஐந்து கிலோ குறைத்துச் சொல்லிப் பழக்கம்! அந்த எடைக்குத் தகுந்தபடிதான் பாராசூட்டின் அளவையும் பெல்ட்டையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முந்திய இரவு நன்றாகத் தூங்க வேண்டும். மது வாடையே ஆகாது. வெறும் வயிற்றோடு போகாமல் இரண்டு இட்லி சாப்பிடலாம். பிரியாணிக் கடையைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். வளையல், சங்கிலி, தொங்கட்டான், துப்பட்டா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். முடியை இறுகப் பின்னி உள்ளே செருகிவிட வேண்டும். கட்டிக் கொள்ளும் ஷூ, உடம்போடு ஒட்டிய உடை. மூக்குக் கண்ணாடிக்காரர்களுக்கு அதன்மேல் போடும் பெரிய கண்ணாடி உண்டு. கேட்டு வாங்குங்கள்.

மூன்று முறை, மூன்று இடத்தில்

பையை மாட்டுவதற்கு முன் ஒருமுறை, விமானம் ஏறுவதற்கு முன் ஒருமுறை, கதவு திறப்பதற்கு முன் ஒருமுறை. தனியாகக் குதிப்பவர் தம் பையை இப்படி மூன்று முறை சோதிக்க வேண்டும். மார்புப் பட்டை, இரண்டு தொடைப் பட்டைகள் சரியாக இறுகியிருக்கின்றனவா? மெயினைத் திறப்பது, கழற்றிவிடுவது, ரிசர்வைத் திறப்பது ஆகிய மூன்று கைப்பிடிகளும் அதனதன் இடத்தில் உள்ளனவா? தோள்பட்டையில் மெயினைப் பிடித்திருக்கும் மூன்று வளையங்கள் சரியாகக் கோத்திருக்கின்றனவா? முதுகுப் பக்கத்து ஊசியைத் தன்னால் பார்க்க முடியாது. அதற்கு இன்னொருவர் கண் வேண்டும்.

டேண்டத்தில் போகிறவர்களும் சும்மா நிற்க வேண்டாம். நான்கு கொக்கிகளும் மாட்டியாயிற்றா என்று பயிற்சியாளரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் கோபித்துக்கொள்ளமாட்டார். இறங்கும்போது, அவர் சொன்னதும் இரண்டு காலையும் தூக்கிக்கொள்ள வேண்டும். பயத்தில் காலை ஊன்றினால் கணுக்கால் போய்விடும்.

எங்கள் ஊரில் பீங்கான் வேலை செய்யும் பெண்கள் பச்சை மண்ணில் செய்த கப்பைச் சூளைக்கு அனுப்புமுன் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள். சூளைக்குள் போன பிறகு திருத்த முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதே கண்தான் இங்கேயும் தேவை.

ஆகாயத்துக்குப் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். கடற்கரையில் பாராசூட்டில் இழுத்துப் போகும் பாராசெயிலிங், மலையில் கம்பியில் தொங்கிப் போகும் விளையாட்டு, பொருட்காட்சி ராட்டினம் எல்லாவற்றிலும் நம் குழந்தைகளின் உயிர் ஒரு கொக்கியில்தான் இருக்கிறது. "யார் சோதிச்சாங்க? எப்போ சோதிச்சாங்க?" என்று கேளுங்கள். அடுத்த முறை குழந்தையை ராட்டினத்தில் உட்கார வைக்கும்போது, ஆள் மாட்டிவிட்டுப் போன பிறகு அந்தக் கொக்கியை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.